இருபத்தொரு டிகிரி

மென்பொருளுக்குள் பனி பெய்வதில்லை.
அங்கே எப்போதும் இருபத்தொரு டிகிரி.
கேட்காமலே யாரோ எழுதிவைத்த எண்,
எங்கோ ஜன்னல் திறந்திருக்கும் ஓர் அறையின்
மே மாதம்.

தம்பெரேயின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து
அதற்குள்தான் நான் குழாய் இழுக்கிறேன்.
முனை 340. முனை 350.
நடுவே ஒரு துருத்தி.
நீளம் பூஜ்யம்.
ஒரே புள்ளியில் நிற்கும் இரண்டு முனைகளை
எண்கள்தான் பிரித்து வைக்கின்றன:
அச்சில் நெகிழ இவ்வளவு,
பக்கவாட்டில் இவ்வளவு,
வளைய இவ்வளவு.
முறுக்கத்துக்கு நேரே தயாரிப்பாளரின் அட்டவணையில்
வெறும் கோடு.
முறுக்காதே என்று அர்த்தம்.
மிகப் பெரிய எண் ஒன்றைப் போட்டு
அந்தக் கட்டத்தின் வாயை அடைத்தேன்.

பரப்பளவுக் கட்டத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருந்தேன்.
காலி என்றால் கணினிக்குப் பூஜ்யம்.
பூஜ்யம் என்றால் நீராவிக்குத் தள்ளத் தெரியாது.
ஓட்டினேன். எல்லாம் பச்சை.
நங்கூரத்தில் விழுந்த சுமை
சுவரில் சைக்கிள் சாய்த்துவைத்த மாதிரி.
பிர்க்கோ என் தோளுக்குப் பின்னால் காபி உறிஞ்சினாள்.
‘இவ்வளவு நல்ல செய்தியா?’
அவள் கேட்டால் அது கேள்வி இல்லை என்று
எங்கள் தளத்தில் எல்லோருக்கும் தெரியும்.

2463 சதுர சென்டிமீட்டர்.
பத்து பார்.
மறுபடி ஓட்டினேன்.
இருபத்தைந்து டன்!
வரைபடத்தில் அந்த நங்கூரம்
கூரைச் சட்டத்தில் நான்கு போல்ட்டோடு நின்றுகொண்டிருந்தது,
கல்யாண வீட்டு வாசலில்
தப்பான முகவரியோடு வந்தவன் போல.
அன்றைக்கே அதை இறக்கிக்
கான்கிரீட்டில் ஊன்றச் சொன்னோம்.

பிப்ரவரியில் கெமியிலிருந்து ரைமோ அழைத்தான்.
ஆலையின் வெல்டர்கள் துருத்தியை ஹைத்தாரி என்பார்கள்,
அக்கார்டியன்.
‘உன் ஹைத்தாரி வந்துவிட்டது, நாளைக்குப் பற்றவைக்கிறோம்.’
‘அங்கே குளிர் எவ்வளவு?’
‘எங்கே? வெளியிலா, என் மீசையிலா?’
வெளியில்
மைனஸ் இருபத்துநான்கு.

பேசிக்கொண்டே என் கை நின்றுபோனது.
நாற்பது மீட்டர் எஃகு.
நூற்று எண்பத்துநான்கு டிகிரி நீராவி.
என் மே மாதத்திலிருந்து கிளம்பினால்
நீட்சி எழுபத்தெட்டு மில்லிமீட்டர்.
ரைமோவின் மீசையிலிருந்து கிளம்பினால் நூறு.
துருத்தி தாங்குவது தொண்ணூறு.

‘ரைமோ, பற்றவைக்காதே.
முதலில் அதைத் திற.
இருபத்திரண்டு மில்லிமீட்டர் இழுத்துப் பிடித்துக்கொண்டு
அப்புறம் வை.’
அந்தப் பக்கம் கொஞ்சநேரம் காற்று மட்டும்.
‘வாசிக்கும் முன் மூச்சு இழுத்துவைக்கச் சொல்கிறாய்.’
‘ஆமாம், அதேதான்.’
‘அப்படியென்றால் வரைபடத்தில் எழுது.
நீ போனில் சொன்னதை என் மேஸ்திரி நம்பமாட்டார்.’
எழுதினேன். சிவப்பு மேகம் போட்டு,
கீழே கையெழுத்திட்டு.

மஞ்சள் கம்பிகளைப் பற்றி
மூன்று முறை நினைவூட்டினேன்.
லாரியில் துருத்தி குலுங்காமல் வர மாட்டியவை.
நீராவிக்கு முன் கழற்றாவிட்டால்
என் நான்கு எண்களும் பொய்.
மாதிரியில் அந்தக் கம்பிகள் இல்லை,
மஞ்சள் நிறமும் இல்லை.
மூன்றாம் முறை அவன் பதிலே சொல்லவில்லை,
கழற்றிய கம்பிகளைப் பனியில் கிடத்திப்
படம் எடுத்து அனுப்பினான்.
மூன்று கம்பிகள், ஒரு கையுறை.

மார்ச்சில், ராத்திரி ஷிப்டில், வால்வைத் திறந்தார்கள்.
தாங்கியின் அருகே சாக்பீஸால் கோடு கிழித்து
விடியும்வரை காத்திருந்தானாம்.
காலையில் ஒரே ஒரு எண் வந்தது:
97.

என் கணக்கில் நூறு.
மீதி மூன்று எங்கே போனது என்று
பிர்க்கோ அறிக்கையில் கேட்டிருந்தாள்.
‘ரைமோவின் சாக்பீஸ் தடிமன்’ என்று எழுதினேன்.
அடித்துவிட்டு,
அவள் கையெழுத்திலேயே
‘உராய்வு’ என்று போட்டிருக்கிறாள்.